கீரிப் பாட்டைக் கொடுத்தது யார்?

இஞ்சேருங்கோ,

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், கடிதத்தில் மட்டும் கூப்பிடுவேனா? நம் தேவாலயத்தின் இறந்தோர் மாதத்துப் பங்கு மடலுக்கு, போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார்கள். மற்றவர்கள் கண்ணீரோடு எழுதுவார்கள். எனக்கு வருவது எரிச்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேத்தி ஜெனிற்றா கனடாவில் விமானம் ஓட்டுகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி என்றும் சேர்த்தே சொல்வேன். இப்போது விமானிகள் சங்கத்தின் குழுவிலும் அவள் இருக்கிறாள். எட்டு மாதமாகக் கம்பனியோடு பேச்சுவார்த்தை. ஒரே மேசை, ஒரே கதை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

சின்ன ஊர்களுக்குப் போகும் பறப்புகளை வேறொரு சின்னக் கம்பனியிடம் கொடுக்கப் பார்க்கிறார்கள். விமானத்தில் இருக்கும் நிறமும் பெயரும் இவளுடைய கம்பனியுடையவை. ஓட்டுவது மட்டும் குறைந்த சம்பளத்துக்கு வந்த வேறு ஆட்கள். சங்கம் சம்மதித்தால் பெரிய விமானம் ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் கூடும், ஜெனிற்றாவுக்கும்தான். ஆனால் புதிதாக வருகிற பிள்ளைகள் எதில் தொடங்குவது? இவளே அந்தச் சின்ன விமானத்தில் தொடங்கியவள்தானே.

குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் ஓம், இரண்டு பேர் இல்லை. மிச்சம் உங்கள் பேத்தி.

போன ஞாயிறு நான் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியில் அழைத்தாள்.

“ரெண்டு வருசத்துக்கு மட்டும் எண்டு எழுதித் தாறாங்கள், அப்பம்மா.”

“அப்பிடி வாங்கினவன் ஆர் பிள்ளை திருப்பித் தந்தவன்?”

“இது கீரிக் கடற்கரை இல்லை. இஞ்ச வக்கீல்மார் இருக்கினம்.”

“ஓம், வக்கீல்மாருக்குக் கால் மணலில புதையாது.”

சிரித்தாள். பிறகு, “நான் அப்பப்பா மாதிரி இளகின ஆள் இல்லை. எல்லாம் யோசிச்சுத்தான் ஓம் எண்டு போடப் போறன்” என்றாள்.

அடுப்பில் கறி கிடக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

கீரிக் கடற்கரை என்று நம்முடைய கரைவலைப் பாட்டைத்தான் சொன்னாள். கீரியில் நாம் மட்டுமே வலை வளைத்து, மணலில் நின்று கயிறு இழுத்த அந்தத் துண்டுக் கரைதான் நம் பாடு. வள்ளம் பழுதாகிக் கிடந்த வருடம், பக்கத்து வலைக்காரர் வந்து அந்தப் பாட்டை ஒரு பருவத்துக்குக் கேட்டார். அடுத்த பருவம் போய்க் கேட்டால், “எங்கட பெடியள் பழகிட்டாங்கள், இன்னும் ஒரு பருவம்” என்றார். நாலாம் வருடம் நாம் போய் முறையிட்டபோது மீனவர் சங்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். இவ்வளவு காலமும் யாருடைய கயிறு அந்த மணலில் கிடந்தது? பாடு அவருடையதாயிற்று. நம் மகன்மார் அவருடைய வலையிலேயே கயிறு இழுக்கப் போனார்கள்.

“அப்பு இளகின மனுசன், குடுத்திட்டார்” என்று மகன்மார் சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன். நீங்கள் சாகும்வரை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். வாயைத் திறந்திருந்தால் என்ன?

கொடுக்கச் சொன்னது நான். நீங்கள் மூன்று நாள் மாட்டேன் என்று நின்றீர்கள். சும்மா கிடக்கிற கரையைக் கொடுத்தால் பாதி மீனாவது வீட்டுக்கு வருமே என்று நான்தான் விடாமல் அரித்தேன். பாடு போனது உங்கள் இளகின மனதால் இல்லை, என் கெட்டிக்காரத்தனத்தால். போன ஞாயிறு தொலைபேசியில் கேட்டதும் அதே கெட்டிக்காரத்தனம்தான், இவளுடைய குரலில்.

புதன்கிழமை வாக்கெடுப்பு. அதற்கு முன் ஞாயிறு அழைப்பாள். அவளுடைய தகப்பனை, நம் மகனையும் பக்கத்தில் இருத்தச் சொல்லி, அவள் தன் கதையைத் தொடங்கமுன் என் கதையைச் சொல்வேன். பிறகு அவள் ஓம் போடட்டும், இல்லை போடட்டும். “அப்பப்பா மாதிரி இல்லை” என்று மட்டும் இனி அவள் வாயில் வராது. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்களைப் பேசவிடாத மனுசி,
பிலோமினா