தங்கவயல் சம்பந்தம்

20.1.2003, ஒரத்தநாடு

பொங்கல் முடிந்து ஐந்து நாள். சம்பா காய்ந்துபோய், கடை அரிசி வாங்கிப் பொங்கியது இந்த வருஷம்தான். பெங்களூரிலிருந்து மங்கை போன் செய்தாள். “அவங்க வீட்டப் பாக்க அப்பா வருவாரா, மாட்டாராம்மா?” அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே லேபில் வேலை பார்க்கிறான் இளவழகன். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். அவன் சொந்த ஊர் கோலார் தங்கவயல்.

இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். “காவிரியில தண்ணி விடாதவன் ஊருக்குப் பொண்ண அனுப்பறதா?”

காவிரி ஒரு சாக்கு. பையனின் தாத்தா திருவிடைமருதூர்ப் பக்கம் பண்ணையாளாக இருந்தவர். கூலிச் சண்டையில் அடிபட்டு, ரயிலேறிப் போய்ச் சுரங்கத்தில் சேர்ந்தாராம். அந்தச் சாதியில் பெண் கொடுப்பதா என்று வாய்விட்டுக் கேட்க இவருக்குக் கூச்சம். இருபது வருஷம் கட்சி மேடையில் சமத்துவம் பேசியவர் ஆயிற்றே!

22.1.2003

அழுதேவிட்டேன். “ஒருதடவ போய்ப் பாத்துட்டு வருவோம். பிடிக்கலன்னா நானே அவகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்” என்றேன். அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டேனோ? மங்கை என்னை மன்னிப்பாளா?

25.1.2003

வருகிறாராம். ஆனால் அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டாராம். சம்மதம் ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். இவர் சொன்ன தோரணையோ, எந்தக் காலத்திலும் சாப்பிடப் போவதில்லை என்பது போல இருந்தது. இரண்டு வேளைக்குப் புளிச்சோறு கட்ட வேண்டுமாம்.

2.2.2003, தங்கவயல்

இரண்டு வேளைச் சோற்றையும் ராத்திரி ரயிலிலேயே தின்று தீர்த்துவிட்டார் மகராசன்.

விடியலில் பங்காரப்பேட்டையில் இறங்கினோம். மங்கையும் இளவழகனும் காத்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும் முன் அவன் ஊரைச் சுற்றிக் காட்டினான். சுரங்கத்தை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்கள் அப்படியே நிற்கின்றன — ஓட்டுக் கூரை, மர ஜன்னல், வாசலில் ரோஜாச் செடி. ஒரு பங்களாவின் கூடத்தில் புகைபோக்கியோடு பெரிய அடுப்பு.

“சமையல ஏன் கூடத்துல பண்ணியிருக்கான்?” என்றார் இவர்.

“அது குளிர் காயறதுக்குங்க மாமா.”

மாமாவா! இவர் காதில் விழாத மாதிரி புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

தெருக்குழாயடியில் நீளமாகக் குட வரிசை. தண்ணீர் எப்போது வரும் என்று இவரே கேட்டார். “வாரத்துக்கு ஒருதரம் வந்தா பெருசுங்க” என்றான் இளவழகன். அதற்கப்புறம் காவிரிப் பேச்சை இவர் எடுக்கவில்லை.

பசி இவரைப் பாடாய்ப் படுத்தியது. வெள்ளைக்காரர்களின் பழைய கிளப்பில் இப்போது யார் வேண்டுமானாலும் டிபன் சாப்பிடலாமாம். “காசு குடுத்துச் சாப்பிட்டா அது யாரு வீட்டுச் சாப்பாடும் இல்ல” என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பளபளக்கும் மரத்தரைக் கூடத்தில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து நாலு தோசையை உள்ளே தள்ளினார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாகிவிட்டது.

பிறகு அவர்கள் வீடு. சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. தகரக் கூரை, ஒரே அறை. பையனின் அப்பா மருதையன் வாசலில் கைகூப்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா பொன்னுத்தாய் மூச்சிரைக்க வந்தார்.

“மன்னிச்சுக்குங்க. லீவு போட்டிருந்தேன், ஆளில்லன்னு காலையில கூப்பிட்டுட்டாங்க. அந்தக் கிளப்புல சமையல் நான்தாங்க. அங்கதான் சாப்பிட்டீங்களாமே? எல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?”

மங்கை முகம் செத்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்த அந்த அம்மாள், இவர் மௌனத்தைப் பார்த்துப் பார்த்துச் சிறுத்துப் போனார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இவரும் அதைப் பார்த்தார்.

“சட்னியில உப்பு ஒரு கல்லு தூக்கல்” என்றார் இவர்.

ஐயோ, இதையா சொல்வது!

பொன்னுத்தாய் சிரித்துவிட்டார். “அவசரத்துல அரைச்சதுங்க. வீட்டுச் சமையல்ல சரியா இருக்கும். உக்காருங்க.”

உட்கார்ந்தார்! இலை போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். கறிக்குழம்பு ஊற்றி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். முப்பது வருஷத்தில் இவரை இன்றைக்குப் பிடித்த மாதிரி எனக்கு என்றும் பிடித்ததில்லை.

5.2.2003

இவர் அண்ணன் வந்து வாசலில் நின்றே கத்தினார். “பஞ்சநதம், அவன் வீட்டுல போயாடா சாப்பிட்ட?”

“பசிச்சுதுண்ணே.”

18.2.2003

வைகாசியில் கல்யாணம். பெண் வீட்டில் நடத்துவதுதான் எங்கள் வழக்கம். இங்கே மண்டபம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“வேணாம் தர்மு. இங்க வச்சா நம்மாளுங்க அவங்கள கடைசிப் பந்தியில உக்கார வைப்பாங்க. அங்கயே வச்சுக்குவோம்.”

“அவ்ளோ தூரம் நம்ம பக்கத்துலேர்ந்து யாருங்க வருவா?”

“யாரும் வரமாட்டாங்க” என்றார், மழை வராது என்று சொல்வது போல. “நாம ரெண்டு பேரும் போவோம். மொதப் பந்தியில அவங்களோட உக்காருவோம்.”