இரண்டு அங்குலச் சந்து

மார்ச் 3, செவ்வாய்

கிடங்கில் இன்று பதினொரு ஃப்ரிட்ஜ் பிரித்தோம். அட்டை ஒரு பக்கம், தெர்மாகோல் குப்பைக்கு. குப்பைக்குப் போவதில் தடித்த பலகையாக ஏழு பொறுக்கிக்கொண்டேன். பேருந்தில் நடத்துநர், “இதுக்கும் ஒரு டிக்கெட் போடவா?” என்றார். போடுங்க, ஆனா ஜன்னல் சீட் வேணும் என்றேன்.

வீட்டில் மாமா லிஃப்ட் ரிப்பேர் முடித்து வந்து கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார். அக்காவின் புருஷன் என்ற உரிமையில் கேலி செய்வதை ஒரு வேலையாகவே வைத்திருக்கிறார். இந்த வயதில் பொம்மை விளையாட்டா என்று கேட்டார். சொன்னேன்: இரண்டு படை, ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் உயரமுள்ள சிப்பாய்கள், நாடா பிடித்து அளந்து நகர்த்த வேண்டும், கண்ணில் படுகிறவனைச் சுடலாம், பகடை விழுந்தபடி அவன் சாவான் அல்லது பிழைப்பான். நடுவில் மேடு, மரம், வீடு எல்லாம் நாமே செய்து வைக்க வேண்டும்.

“அப்போ ஒளிஞ்சிக்க இடம் இருக்கிறவன் பொழைச்சான்.”

அவ்வளவுதான் மாமா. ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

ஏப்ரல் 11, 12 போட்டி. இந்த ஆட்டம் ஆடும் எங்கள் கழகத்துக்கு ஆறு மேசை வேண்டும், ஐந்துதான் இருக்கிறது. யார் செய்த மேசையை எடுத்துக்கொள்கிறார்களோ அவருக்கு ஆட்டத்தில் ஓர் இடம். மற்ற இடமெல்லாம் பழைய உறுப்பினர்களுக்குப் போய்விட்டது. எனக்கு இருப்பது இந்த ஒரு வாசல்தான்.

செயலாளர் பல் டாக்டர். “சிம்பிளா பண்ணும்மா. இடிஞ்ச கோட்டை, நாலு தூண், ஓரமா ரெண்டு மரம்” என்றார். இருக்கிற ஐந்து மேசையும் அப்படித்தான். நடுவில் வெட்டவெளி. அவர் தன் நான்கு பீரங்கி வண்டிகளைப் பின்னால் நிறுத்துவார். மூன்றாம் சுற்றில் என் முப்பத்தாறு பேரும் பெட்டிக்குள். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் போர்த்தந்திரம்.

கோட்டையில் நான் எப்போது குடியிருந்தேன்? எங்கள் தெருவைச் செய்யப் போகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

தெருவை அளந்தேன். ஒன்பது அடி. பைக்குகள் நிற்கும் இடத்தில் ஆறு. ஒன்பதைச் சிப்பாய் அளவுக்குக் குறைத்தால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. இரண்டு என்றே வைத்துக்கொண்டேன்.

டாக்டரின் பீரங்கி வண்டி நான்கு அங்குலம்.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பது வீடு முடிந்தது. எல்லாம் மூன்று மாடி. கம்பிச் சூட்டில் தெர்மாகோல் வெண்ணெய் மாதிரி அறுபடுகிறது. தூள்தான் தொல்லை. அக்கா தட்டைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறாள். “வீட்டுக்குள்ளயே பனி பெய்யுது. நான் ஸ்வெட்டர் போட்டுச் சமைக்கட்டுமா?” என்றாள். மாமா என்னைக் கான்ட்ராக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன். மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்றார். ஏறாது, நம் வீட்டைப் பார்த்துத்தானே செய்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

முட்டாள். முட்டாள். தெர்மாகோல் மேல் நேராக ஸ்ப்ரே அடித்தேன். முதலில் பசையும் காகிதமும் ஒட்டிக் காயவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று இந்த வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவசரம். கண் எதிரே நான்கு வீடு உப்பில் விழுந்த நத்தை போலச் சுருங்கியது.

மாமா பார்த்துவிட்டு, பழைய கட்டடம் மாதிரி இருக்கிறது, அப்படியே வைத்துவிடு என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் முடியாது. ஏழைத் தெரு என்றால் கோணல்மாணலாக இருந்தால் போதும் என்று ஏன் எல்லாருக்கும் தோன்றுகிறது? எங்கள் சுவர்கள் நேரானவை. சுண்ணாம்புதான் உதிர்ந்திருக்கிறது. நான்கையும் குப்பையில் போட்டேன். முதலிலிருந்து செய்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

கழகத்தில் வெள்ளோட்டம். எழுதவே கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

பதினெட்டு வீடு, ஐந்து சந்து, ஒரு குழாயடி. மேசையைத் திறந்ததும் எல்லாரும் சுற்றிக் கூடிவிட்டார்கள். உறுப்பினர்களில் ஒருவர், பேக்கரிக்காரர், குனிந்து குனிந்து பார்த்தார். கொடியில் காயும் சட்டைக்குப் பொத்தான்கூட வைத்திருக்கிறாள் பார் என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். அந்த ஐந்து நிமிடம் நான் தரையில் இல்லை.

பிறகு ஆட்டம். இன்னோர் உறுப்பினர், வக்கீல், தன் சிப்பாயைச் சந்துக்குள் நான்கு அங்குலம் நகர்த்தப் போனார். கை நுழையவில்லை. விரலை நீட்டினார், மடக்கினார், முழங்கையைத் தூக்கினார். ஒரு வரிசை வீடு அப்படியே பெயர்ந்து சாய்ந்தது.

வீட்டில் சோதித்தபோது சிப்பாய்களை நிறுத்திவிட்டுத்தான் சுவரை வைத்தேன். கை போக வழி வேண்டும் என்று தோன்றவே இல்லை. தெருவில் நடக்கிறவனை மேலேயிருந்து ஒரு கை வந்து தூக்குவதில்லையே.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். பல் டாக்டர், “ஏம்மா, இது ஆடுறதுக்கா, அழகு பாக்குறதுக்கா?” என்றார். அப்புறம் நாடாவை எடுத்தார். சந்தெல்லாம் ஆறு அங்குலம் வைத்துவிடு, எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஏப்ரல் 5 கடைசி நாள்.

கை நுழைய நாலு போதுமே சார், ஆறு ஏன்?

எல்லாருக்கும் வசதியா இருக்கும் என்றார்.

பேருந்தில் வரும்போது கணக்குப் போட்டேன். நான்கு அங்குல வண்டி திரும்புவதற்கு ஆறு அங்குலம் வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

ஆறு வச்சுட்டா என்ன? இடம் கிடைக்கும். ரெண்டு நாள் ஆடலாம். அதுக்குத்தானே இத்தனை நாள் விரலைச் சுட்டுக்கிட்டேன். ஆறு வச்சா அது எந்தத் தெரு? பதினெட்டு வீட்டுல எட்டைத் தூக்கணும். ரோட்டை அகலப்படுத்துறேன்னு வந்து வீட்டுல சிவப்பு பெயின்டுல கோடு போடுறவங்க வேலையை நானே என் கையால செய்யணுமா — பொம்மைத் தெருவுலயும்?

மாட்டேன்.

சரி, மாட்டேன்னா அப்புறம் கை எப்படி நுழையும்? கோபத்துக்குக் கை கால் கிடையாது. வழி சொல்லு.

மார்ச் 26, வியாழன்

வழி கிடைத்தது. கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைத் திறந்து மூடுகிறேன்.

ஃப்ரிட்ஜ் கதவு. பாதி தூரம் தள்ளினால் மீதியை அதுவே போய் ஒட்டிக்கொள்கிறது. ஓரத்து ரப்பருக்குள் காந்தப் பட்டை. வீடுகளைப் பலகையில் ஒட்டவே கூடாது. அடியில் காந்தம், தெருவுக்கு அடியில் இரும்புத் தகடு. கை போக வேண்டுமா, வீட்டைத் தூக்கு, சிப்பாயை நகர்த்து, வீட்டை வை. டப்பென்று உட்காரும். முழங்கை பட்டாலும் அசையாது.

கிடங்கு மேற்பார்வையாளரிடம் நேராகக் கேட்டேன். எதற்கு என்றார். வீடு ஒட்ட என்றேன். நசுங்கிய பெட்டிகள் கிடந்த மூலையைக் கை காட்டினார். “நசுங்கி வந்ததுல உரிச்சுக்கோ. நல்லதுல கை வெச்சே, உன்னையே பெட்டியில போட்டு அனுப்பிடுவேன்.”

மார்ச் 29, ஞாயிறு

மாமா கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட் தகட்டை வெட்டிக் கொடுத்தார். முனைகளை அரத்தால் ராவி, விரல் வைத்துப் பார்த்து, மறுபடி ராவினார். வெட்டினால் ரத்தம் உன்னுடையது, திட்டு எனக்கு என்றார்.

பதினெட்டு வீடும் உட்கார்ந்தன. மேசையைச் செங்குத்தாக நிமிர்த்தினோம். ஒன்றுகூட விழவில்லை. அக்கா ஒரு வீட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்றை. டப். டப். அரை மணி நேரம் தெர்மாகோல் தூளைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

சந்து ஆறு அங்குலம் இல்லையே என்றுதான் டாக்டர் முதலில் சொன்னார். வீட்டைத் தூக்கிக் காட்டினேன். வக்கீலையே ஆடச் சொன்னேன். சாய்க்க முயன்றும் பார்த்தார், மனுஷன். முடியவில்லை.

விதித்தாளைக் கையிலேயே வைத்திருந்தேன். மேசையின் நீளம், அகலம், மேடுகளின் சரிவு எல்லாம் அதில் உண்டு. வீடுகளுக்கு நடுவே எவ்வளவு இடம் என்று எங்கும் இல்லை.

“விதியில இல்லைன்னா என்ன, ஒரு முறைன்னு இருக்குல்ல?” என்றார் டாக்டர்.

நடுவர் கணக்கு டீச்சர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “முறை எத்தனை அங்குலம்னு எழுதிக் குடுங்க டாக்டர், அளந்து பார்க்கிறேன். எழுதலைன்னா நான் எதை அளக்க?”

எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் மேசை. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில்.

என் பெயர் பட்டியலில் கடைசியில். இருக்கட்டும். இருக்கிறது.

ஏப்ரல் 11, சனி

மூன்று ஆட்டம். மூன்றும் தோல்வி.

மேசை செய்தவர் தன் மேசையில் ஆடக் கூடாதாம். இது மட்டும் விதியிலேயே இருக்கிறது, ஏழாவது வரி. சந்து விதியைத் தேடிய அவசரத்தில் நான்தான் படிக்காமல் விட்டேன். ஆக மூன்றும் வெட்டவெளி. ஒளிய இடமில்லை. முதல் ஆட்டத்தில் நான் என் படையை அடுக்கிய நேரம்கூட அது நிற்கவில்லை. இரண்டாவதில் ஐந்து சுற்று தாங்கினேன். மூன்றாவதில் ஆறு.

அந்த மூன்றாவது ஐந்தாம் மேசையில். பக்கத்தில் என் தெரு. அங்கே பல் டாக்டரும் பேக்கரிக்காரரும். பகடையை உருட்டிக்கொண்டே காதை அந்தப் பக்கம் வைத்திருந்தேன். நான்கு வண்டியும் தெருமுனையில் வரிசையாக நின்றன, உள்ளே நுழைய முடியாமல். பேக்கரிக்காரரின் காலாட்கள் குழாயடியைச் சுற்றி, மாடிப்படி வழியாகப் பின்பக்கம் வந்துவிட்டார்கள். டாக்டர் இரண்டு முறை நடுவரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். இரண்டு முறையும் இரண்டு அங்குலம்.

பேக்கரிக்காரர் வென்றார். நான்கு வருஷமாக ஆடுகிறாராம், டாக்டரிடம் முதல் வெற்றி. தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நான்காவதும் தோல்வி. ஐந்தாவது சமம். பன்னிரண்டு பேரில் பதினொன்றாவது. பன்னிரண்டாமவர் காய்ச்சலில் இன்று வரவே இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் மூன்றாவது. மூன்று வருஷமாக முதலில் இருந்தவர். சாமான் ஏற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார். “நீயும் ஜெயிக்கலை, என்னையும் விடலை. உனக்கு என்னம்மா லாபம்?”

“எங்க தெரு அவ்வளவுதான் சார் அகலம். ஆம்புலன்ஸே உள்ள வராது.”

சொன்னதும் அவர் முகம் மாறியது. என்னுடையதும்தான். போன வருஷம் கீழ்வீட்டு அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தெருமுனை வரை தூக்கிப் போனோம். அப்போது இந்த அகலத்தைச் சபித்தேன். இன்று அதையே சவடாலாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? தெரியவில்லை. ஆனால் பீரங்கி வண்டி வைத்திருக்கிறவர் ஒருவர், தெருமுனையில் நின்று, உள்ளே எப்படிப் போவது என்று ஒன்றரை மணி நேரம் யோசித்தார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது யோசித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா, கப் எங்கே என்றார். கழுவுற தொட்டியில இருக்கு, கழுவிக் குடுங்க, டீ போடலாம் என்றேன்.

மே 4, திங்கள்

பேக்கரிக்காரர் கிடங்கு வாசலுக்கே வந்துவிட்டார். கடையின் பின்அறை ஞாயிறு மதியம் காலியாக இருக்குமாம், மேசையை அங்கே போட்டால் நான்கு பேர் ஆட வருவார்களாம். அங்கே நானும் என் மேசையில் ஆடலாமா என்று கேட்டேன். ஏன் ஆடக் கூடாது என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு ஏழாவது வரி ஞாபகம் இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூன் 19, வெள்ளி

அடுத்த போட்டிக்கான விதித்தாள் வந்தது. போன தடவை பதிமூன்று வரி, இந்தத் தடவை பதினான்கு. பதினான்காவது: கட்டடங்களுக்கு இடையே குறைந்தது ஆறு அங்குல இடைவெளி இருக்க வேண்டும். கீழே செயலாளர் கையெழுத்து.

எத்தனையோ மேசை வந்து போன கழகம். இதுவரை ஒரு மேசைக்காகவும் புது விதி எழுதியதில்லை.

மூன்று முறை படித்தேன். உயரம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஐந்து மாடி வைக்கலாம். ஆறு அங்குலத் தெருவில் வண்டி தாராளமாகப் போகட்டும். மேலே மொட்டை மாடிக்கு மொட்டை மாடி பலகை போட்டு, என் ஆட்கள் அதில் நடந்து போவார்கள்.

நாளை கிடங்கில் பெரிய ஃப்ரிட்ஜ் இறங்குகிறது, இரட்டைக் கதவு. தெர்மாகோல் நீளமாக இருக்கும்.