சுரண்டாமல் விட்ட பச்சைப் பெயின்ட்

மச்சான்,

உன் பழைய மொரிஸ் மைனர் காரைப் போன கிழமைதான் பொலிஸ் முற்றத்திலிருந்து கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பின்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது. இடது பக்கப் பின் லைட் மட்டும் தப்பியிருந்தது. "அதையாவது கழற்றித் தாங்கோ அண்ணா, அவர் ஆசையா மினுக்கின சாமான்" என்றாள் உன் மனைவி. கையில் எடுத்ததும் பொலிஷ் வாசம் அடித்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தக் குரோம் வளையத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாய்.

காரைத் திருத்திப் பெயின்ட் அடித்தபோது, முன் லைட்டுகளைப் பூட்டுவது உன் பொறுப்பு, பின் லைட்டுகள் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். என் வெள்ளவத்தை பிளாட் பல்கனியில் சிவப்புக் கண்ணாடிகளைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, பற்பசை வைத்துத் தேய்த்தேன். இற்றுப்போன வயர்களை மாற்றினேன். பூட்டும்போது நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "ஸ்குரு பிடிக்கிற இடத்தில பெயின்ட்டைச் சுரண்டு மச்சான். தகரம் தெரியவேணும். இல்லாட்டி ஏர்த் வராது, லைட் ஒழுங்கா எரியாது."

நான் சுரண்டவில்லை. புதுப் பச்சைப் பெயின்ட், அடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதில் கத்தி வைக்க மனம் வரவில்லை. நீ உள்ளே இருந்து பிரேக்கை மிதித்து, "எரியுதோ?" என்று கத்தினாய். இரண்டும் மங்கலாகத்தான் எரிந்தன. வெயிலுக்கு அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"ஓம் மச்சான், நல்லா எரியுது!"

நீ இறங்கி வந்து பார்க்கவே இல்லை. என்னை அவ்வளவு நம்பினாய், மடையா.

பத்து நாள் கழித்து, காலி வீதியில், பின்னேர மழையில் நீ பிரேக் போட்டாய். பின்னால் வந்த லொறி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே நீ போய்விட்டாய். "முன்னுக்குப் போன காருக்கு பிரேக் லைட்டே எரியேல்ல" என்று அந்த டிரைவர் முதல் நாளிலிருந்து சொல்கிறான். நான் பொலிஸுக்குப் போய், லைட்டெல்லாம் எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று சிங்களத்தில் தெளிவாக வாக்குமூலம் கொடுத்தேன். கோபத்தில் சொன்னதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்தேன். பயத்தில் சொன்னேன் மச்சான். போன கிழமை லைட்டைக் கழற்றியபோது, ஸ்குரு ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

வியாழக்கிழமை வழக்கு. நான்தான் முதல் சாட்சி. உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதை முதலில் உன் மனைவியிடம் சொல்ல வேண்டும். மூன்று நாளாய் உன் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வருகிறேன். ஏசினால் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் தெரியாமல், "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அண்ணா" என்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த டிரைவர் மட்டக்குளிக்காரன். பிணை கிடைக்காமல் ஐந்து மாதமாய் உள்ளே இருக்கிறான். நான் வெளியில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன்.