பாதிக் கட்டில்களுக்கு ஜெபம்

பிப்ரவரி 11, செவ்வாய்

வார்டுத் தலைமை நர்ஸ் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நாளை முதல் ஆய்வு. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து பொது வார்டுக்கு வருகிறவர்களில், சம்மதம் சொன்னவர்களைக் குலுக்கிப்போட்டு இரண்டாகப் பிரிக்கிறேன். ஒரு பாதிக்கு அம்மாவின் ஜெபக்குழு ஜெபிக்கும். மறுபாதிக்கு ஜெபிக்காது. யார் எந்தப் பாதி என்று நோயாளிக்கும் தெரியாது, நர்சுக்கும் தெரியாது. யார் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

என்னோடு ஆராய்ச்சி செய்கிற பக்கத்து மேசைக்காரன் கேட்டான், "ரிசல்ட்டை நீ எண்ணப் போறியா, இல்ல மேல இருந்து நேரா இறங்குமா?"

"உன் கம்ப்யூட்டருக்கு ஒரு ஜெபம் பண்ணச் சொல்லட்டுமா?" என்றேன். அது தினமும் நின்றுபோகிற கம்ப்யூட்டர்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துத்தான் பேசுவார். கடவுள் நம்பிக்கை துளியும் கிடையாது. இந்தத் தலைப்பைக் கொடுத்ததே அவர்தான். "நீ நம்புறவ. பொய் எழுதினா உனக்கே தூக்கம் வராது" என்றார். இதைவிட நல்ல சாட்சி எனக்குச் சபையில்கூடக் கிடைத்ததில்லை. கட்டுரை வெளிவந்தால் துறையில் காலியாக இருக்கும் விரிவுரையாளர் வேலை எனக்குத்தான். அதையும் அவரே சொன்னார்.

பிப்ரவரி 12, புதன்

முதல் பெயர்களை அம்மாவிடம் கொடுத்தேன்.

"மத்தவங்க பேரு?"

"அது உங்களுக்கு வேண்டாம்மா. இந்தப் பாதிக்கு மட்டும்தான்."

அம்மா தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள். சரி என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

மாடியில் காசு கட்டிய அறைகளில் சோபா போட்டிருக்கிறார்கள். கீழே பொது வார்டில் துணைக்கு வருகிறவர் உட்கார ஒரு முக்காலி கிடையாது. மாலையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போகலாம். கட்டில்களோ வரிசை வரிசையாக. நர்சுகள் இரண்டே பேர். பதினேழாம் கட்டில் தாத்தாவைப் பார்க்க யாருமே வருவதில்லை. நான் ஆய்வுத் தாளை நீட்டினால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார், விடுவதே இல்லை.

சுற்றி வரும்போதெல்லாம் யார் பக்கத்தில் ஆள் இருக்கிறது, யார் பக்கத்தில் இல்லை என்றும் குறித்துக்கொள்கிறேன். யாரும் கேட்கவில்லை. கோபத்தில் குறிக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

பதினேழாம் கட்டில் காலி. தாத்தா போனது வீட்டுக்கு அல்ல.

மே 19, திங்கள்

கணக்கு முடிந்தது. இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. பூஜ்யம்.

தராசு முதல்முறையாகச் சிரித்தார். "விசுவாசி எழுதின பூஜ்யம். உலகமே படிக்கும்" என்றார்.

நான் ஜெபிக்கிறவள். இந்தப் பூஜ்யம் கசக்கிறது. ஆனாலும் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தாமல் எழுதி முடித்தேன். இன்று ஒரு நாள் மார்தட்டிக்கொள்கிறேன்.

மே 28, புதன்

ஆய்வு கெட்டுவிடக் கூடாது என்று இதுவரை ஜெபக்குழு பக்கமே போகாமல் இருந்தேன். இன்று நன்றி சொல்லப் போனேன். ஆலயத்தின் பின்னறை. எட்டுப் பெண்கள். கடைசியாகக் கொடுத்த பெயர்களுக்கு இன்னமும் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொரு பெயராகச் சொல்லி முடித்தாள். பிறகு, அதே மூச்சில்:

"பேர் குடுக்காம விட்டுட்டாங்களே அந்த மத்தப் பாதிக் கட்டில்காரங்க, அவங்களையும் ஒருத்தர் விடாம தொட்டுக் குணமாக்கும் ஆண்டவரே."

எட்டுப் பேரும் ஆமென் சொன்னார்கள். அது இன்று புதிதாகச் சொன்ன ஆமென் அல்ல. நன்றாகப் பழகிய ஆமென்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி?"

"முதல் வாரத்துலேர்ந்தே."

"பாதிப் பேருக்கு மட்டும்தான்னு சொன்னேன்ல?"

"சொன்ன. அது எப்படிடி முடியும்? முழங்கால் போட்டுட்டு, நீ சும்மா இரு, உனக்கு இல்லன்னு சொல்லவா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்ட?"

குழுவில் இருந்த பக்கத்து வீட்டு அத்தை சமாதானம் செய்ய வந்தார். "கவலைப்படாதம்மா. அந்தப் பாதிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் பண்ணோம்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். போச்சு. எல்லாம் போச்சு. ரெண்டு பாதிக்கும் ஜெபிச்சிருக்காங்கன்னா நான் எதை எதோட ஒப்பிட்டேன்? யார் மேல கோபப்படறது? ஊர்ல எல்லாருக்கும் ஏழையை விட்டுட்டுப் போக மனசு வருது. இந்த எட்டுப் பேருக்கு மட்டும் பேர் தெரியாத கட்டிலைக்கூட விட மனசு வரல — கோபமாத்தான் இருக்கு. பெருமையாவும் இருக்கு. தொலையட்டும்.

மே 29, வியாழன்

தராசிடம் சொன்னேன். பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அதைக் கட்டுரையில எழுதித்தான் ஆகணுமா? மூடின அறையில எட்டுப் பேர் என்ன சொன்னாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"எழுதினா கட்டுரை நிக்காது. வேலையும் போயிடும்."

"கணக்கு ஜெபத்துக்குச் சாதகமா வந்து, அப்புறம் இப்படி ஒரு ஓட்டை தெரிஞ்சிருந்தா, மறைக்கச் சொல்வீங்களா சார்?"

பேனாவை மூடி வைத்தார். நிறுத்துப் பார்க்கிறார் போல.

ஜூன் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் தோளைத் தட்டினார். "எல்லாருக்கும் ஜெபிச்சாங்க, எல்லாரும் நல்லபடியா வீடு திரும்பினாங்கன்னு எழுதும்மா. பெரிய சாட்சியா இருக்கும்."

"பதினேழாம் கட்டில் தாத்தா திரும்பலையே ஐயா."

கையை எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் என் எண்கள் வேண்டும், தராசுக்கும் வேண்டும். கடவுளுக்கு வக்காலத்து வாங்கவா நான் படித்தேன்?

ஜூன் 2, திங்கள்

"ஒப்பீட்டுக் குழுவினருக்கும் ஜெபிக்கப்பட்டது பின்னர் தெரியவந்தது. எனவே இந்த ஆய்விலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது." எழுதி, தராசின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நான் எழுதியதிலேயே நல்ல இரண்டு வாக்கியங்கள்.

ஜூலை 14, திங்கள்

வேலை பக்கத்து மேசைக்காரனுக்கு. டீ வாங்கிக் கொடுத்தான், முகத்தைப் பார்க்காமல்.

"உங்கம்மா எனக்கும் ஜெபிச்சாங்களோ?"

"யாரையும் விட்டுட்டு ஜெபிக்க அவங்களுக்குத் தெரியாது" என்றேன். சிரித்துவிட்டான். நானும்தான். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோபத்தில் குறித்து வைத்ததை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் ஆள் இல்லாதவர்கள் அதிக நாள் கிடந்திருக்கிறார்கள். இதை வைத்து எதையும் அடித்துச் சொல்லக் கூடாது. நான் தேடிப் போன எண் அல்ல இது. ஆனால் இதை ஒரு கேள்வியாக்கலாம்.

புதிய ஆய்வு: ஆளில்லாத கட்டிலுக்கு ஒரு நாற்காலியும் பக்கத்தில் உட்கார ஒரு ஆளும். ஒரு மாதம் பாதிக் கட்டில்கள், அடுத்த மாதம் மறுபாதி.

தராசு கேட்டார், "இது ஆராய்ச்சியா, உன் மதமா?"

"கேள்வி அங்கேருந்துதான் வந்துச்சு சார். பதில் கட்டில்லேர்ந்து வரட்டும்."

கையெழுத்துப் போட்டார். "அந்த ரெண்டு வாக்கியத்தை முதல் வருஷப் பசங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன்" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அது ஒரு மூட்டை எடை.

நவம்பர் 5, புதன்

வார்டில் நாற்காலிகள் வந்துவிட்டன. ஆலயத்தின் பின்னறையிலிருந்து தூக்கி வந்தவை. எட்டுப் பெண்களும் முறைவைத்து உட்காருகிறார்கள். அம்மாவிடம் ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தேன்: உங்கள் கட்டில் மட்டும், இந்த மாதம் இவர் மட்டும்.

மாலையில் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு தப்பு பண்ணிட்டேன். மறக்கறதுக்குள்ள எழுதிக்கோ. மத்தப் பாதியில பதினாலாம் கட்டிலுக்குத் தண்ணி குடுத்தேன். பத்தொன்பதாம் கட்டிலுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்."

எழுதிக்கொண்டேன்.