கேட்ட பிறகு எழுந்து போகாதவள்

படவேடு பஸ்ஸில் இன்று பக்கத்து இருக்கைக்காரரின் பையிலிருந்து பூச்சிமருந்து நெடி வந்தது. நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். நீயாக இருந்தால், "இத்த வூட்ல எங்க வைப்பீங்க?" என்று அவரிடம் பேச்சுக் கொடுத்திருப்பாய்.

நம் ஆய்வே அதுதானே. மருந்து குடித்துப் பிழைத்தவர்களை, ஆரணியிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது. கல்பனா வீட்டுக்கும் அப்படித்தான் போனோம். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லாக் கேள்விக்கும் சிரித்தபடியே, "நல்லாக்கீறேங்க" என்றாள். "அதான் சொல்லுதே, ஜல்தி முடிங்க, பஸ் வந்துடும்" என்று அவள் கணவர் அவசரப்படுத்தினார். அதை விட்டால் இருட்டும்வரை வேறு பஸ் இல்லை.

நீ எழவில்லை. "அவரோட வெளிய பேசிகினு இரு" என்று என்னிடம் மெல்லச் சொன்னாய்.

மாட்டுக்கொட்டகை ஓரம் அவரிடம் மழையைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். திறந்த ஜன்னல் வழியே உன் குரல் கேட்டது. "இன்னும் செத்துடலாம்னு தோணுதாம்மா?"

கேட்பதால் அந்த எண்ணம் வராது என்று நாம் படித்திருக்கிறோம். ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்ப எனக்குப் பயமாக இருந்தது. கணவர் முகம் சிவந்துவிட்டது. "நல்லாக்கீற பொண்ணாண்ட இதையா கேப்பாங்க?" என்று உள்ளே பாய்ந்தவரை வழிமறித்து நின்றேன். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

அப்போதுதான் அவள் அழுகை கேட்டது.

கணவரிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டு நீ வெளியே வந்தாய். "இன்னிக்கே செத்துடலாம்னு நெனச்சிகினு இருந்துதாம். திட்டாதீங்க. கூட இருங்க. மொதல்ல வூட்ல கீற மருந்த எடுத்துடுங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு இருந்ததையெல்லாம் எடுத்துப்போய் அண்ணன் வீட்டில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தார். ஆட்டோவில் ஆரணி ஆஸ்பத்திரி போகும்வரை கல்பனா உன் கையை விடவில்லை. அவர் அவள் காலடியில் குந்தியிருந்தார்.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன அன்று அவள் மகளோடு வந்திருந்தாள். "அந்தக்கா பஸ்ஸுக்குப் போயிருந்தா நான் இல்லீங்க" என்றாள்.

இப்போது அந்தக் கேள்வியை நான்தான் கேட்கிறேன். கேட்ட பிறகு வரும் மௌனம் இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. அவர்கள் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.