உனக்கு வரவேண்டிய கைதட்டல்

தம்பி,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது. கொட்டிக்கொள்.

குடியை விடுகிறவர்கள் கூட்டத்துக்கு நாலு வாரமாகப் போகிறேன் என்று என் காதில் பூச்சுற்றினாயே! நேற்று நீ மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். உன்னை ஒருவருக்கும் தெரியவில்லை. வாசலில் நின்ற அம்மாள், "முதல் தடவையா? வெட்கப்படாதம்மா, உள்ள வா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். மோந்துகூடப் பார்க்காத எனக்கு! 'குடிக்கிறவன் என் தம்பி, அவன் வரவில்லை' என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு மணி நேரம் குடிகாரியாக உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் கூட்டம் உண்டு. ஆறு மணி, நூலகத்து மாடி.

அக்கா

சாவி வழக்கமான இடத்தில்.

குடை அங்கேதான் இருக்கிறது. நான் மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டு வந்தேன். நீயே போய் எடு.