தோளருகே கிடைத்த புரூச்

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் புரூச்சுகள்தான். ரோமானியர்கள் ஆண்ட காலத்து இங்கிலாந்தில் எவளோ மேல்துணியில் குத்திக்கொண்டதை, கள்ளிக்குப்பத்தில் உட்கார்ந்து படத்தில் பார்த்து, வடிவம், நிறம், சேதம் என்று தட்டிக்கொண்டிருக்கிறேன். ஏதோ ஒரு மியூசியத்துக்காம். நம் ஊக்குதான். மேலே வெண்கலத்தில் முயல், கோழி, மீன் என்று ஓர் உருவம், அதன் பள்ளங்களில் சிவப்பும் நீலமுமாய் எனாமல். அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் நீலம் போகவில்லை. பாதிக்கு மேற்பட்டவற்றில் ஊசிதான் உடைந்து போயிருக்கிறது.

வீட்டிலிருந்தே வேலை. மடியில் லேப்டாப். மடி சும்மாதானே இருக்கிறது.

செப்டம்பர் 10

எழுந்தேன். தட்டினேன். படுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

செருப்பின் அடிப்பாகம் போல ஒரு புரூச். என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. நீல எனாமல், அதில் ஆணி அடித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கூட வந்த குறிப்பில், பச்சிளங்குழந்தையின் கல்லறையில், தோளருகே கிடைத்தது என்றிருந்தது. நடக்கவே நடக்காத குழந்தைக்குச் செருப்பு.

வடிவமும் நிறமும் எழுத வேண்டிய இடத்தில் நான் எழுதி அனுப்பியது: ‘இதை அம்மாதான் குத்தி அனுப்பியிருக்கிறாள். அவளைக் குழந்தையின் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள்.’

செப்டம்பர் 13

மேற்பார்வை பார்க்கும் முகமது ஆசிக் போன் செய்தார். “தீபிகா, படத்துல இருக்கிறத மட்டும் எழுதுங்க. இதுல அம்மா எங்க இருக்காங்க?” போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் அவருக்கு உறைத்திருக்கும். ‘சாரிங்க’ என்று மெசேஜ் வந்தது.

ஜூலையில் என் பெண் பிறந்தாள். ஒரு பகல் இருந்தாள். ஆபரேஷனில் ரத்தம் போய் எனக்கு இரண்டு நாள் நினைவில்லை. கண் விழித்தபோது புதைத்துவிட்டுக் குளித்தும் முடித்திருந்தார்கள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எங்கே வைத்தார்கள் – அதையாவது சொல்லலாம் இல்லையா? யாரும் வாய் திறக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

மாமியாரிடம் கேட்டேன். “பெத்தவ அங்கல்லாம் போவக் கூடாதும்மா. அடுத்தது தங்காது. இன்னாத்துக்கு அதையே நெனச்சுகினு கீறே?”

அடுத்ததாம். கடையில் கொடுத்துவிட்டு வேறு மாற்றிக்கொள்வது மாதிரி.

பூபாலனிடம் கேட்டேன். “உடு தீபி” என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்போது கேட்டாலும் அந்த ஒரு ‘உடு’தான். இவரும் ஒரு அப்பாவா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், லேத் பட்டறைக்குப் போகிறார், வருகிறார். கல் நெஞ்சு. இந்த மனிதரோடு இனி எப்படிக் காலம் தள்ளுவது?

செப்டம்பர் 20

சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று நானே கிளம்பிவிட்டேன். “நீங்க காட்ட வேணாம், சுடுகாட்டுல குழி தோண்டறவரக் கேட்டுக்கறேன்” என்றேன். மாமியார் வாசலில் குறுக்கே நின்றார். பின்னாலிருந்து இவர், “வயிய உடும்மா. நானே இட்டுகினு போறேன்” என்றார்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்று சுற்றுச்சுவர் ஓரமாகத் தனி இடம். அங்கே முழுக்கப் புது மண் கொட்டி நிரவியிருந்தது. இவர் அங்கிருந்த வேப்பமரத்திலிருந்து அடி எண்ணி நடந்து வந்து நின்றார். “இங்க” என்றார். திரும்பிப் பார்த்தார். “இல்ல, அங்க.” அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“செங்கல்லு நட்டு வெச்சிருந்தேன் தீபி. அடுத்த வாரமே வந்து பாத்தேன், காணோம். மண்ணக் கொட்டி மூடிட்டானுங்க. உன்னாண்ட இன்னான்னு சொல்றது?”

மறைக்கிறார் என்று இத்தனை நாளும் மனதுக்குள் கரித்துக்கொட்டினேன். தொலைத்துவிட்டுத் தவித்திருக்கிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம்கூட இல்லை இப்போது. அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம் இருந்தது.

இனி யாரிடம் கேட்பேன்?

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் வேலையில் இருந்தேன். இவர் பின்னால் வந்து நின்று, இது என்ன என்று முதல்முறையாகக் கேட்டார். அந்தக் காலத்து ஊக்கு என்றேன். செருப்புப் புரூச்சை எடுத்துக் காட்டி, இது ஒரு குழந்தையோடு புதைத்தது, தோளருகே கிடைத்தது என்றேன். திரையருகே குனிந்து பார்த்தார்.

“பாப்பாவச் சுத்துன துணி நழுவிகினே இருந்திச்சு தீபி. அம்மாதான் தாலில மாட்டியிருந்த ஊக்கக் கயட்டிக் குடுத்துச்சு. பாப்பாவுக்குக் குத்திடப் போவுதுன்னு, என் வெரல உள்ளார வெச்சுகினுதான் குத்துனேன்.”

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

என் இடது தோளைத் தொட்டுக் காட்டினார்.